போக்கர் மேசையிலிருந்து டிரேடிங்குக்கு மாறுபவர்களுக்கு: ஆவணம், செலவு, காலம், சறுக்கும் இடங்கள்

ஒன்பது ஆண்டுகள் போக்கர் ஆடி, அதில் வந்த வருமானத்தில்தான் குடும்பம் நடத்தினேன். அப்புறம் டிரேடிங்குக்கு, அதாவது சந்தையில் பங்கு போன்றவற்றை வாங்கி விற்பதற்கு, மாறினேன். ஐந்தாவது மாதக் கடைசியில் கணக்கைப் பார்த்தபோது போட்ட பணத்தில் மூன்றில் ஒரு பங்கு இல்லை. எனக்கு நிகழ்தகவு தெரியும், ஆடுவதற்கென ஒதுக்கிய பணமான பேங்க்ரோலைக் காக்கத் தெரியும், தோற்கும் நாளில் எழுந்து போகவும் தெரியும். ஆனால் மேசையில் உண்மையாக இருந்த ஒன்று சந்தையிலும் உண்மையாக இருக்கும் என்று நினைத்துவிட்டேன். நடுவில் தள்ளிய சிப்புக்கு மேல் ஒரு காசும் போகாது என்பதுதான் அது. சந்தையில் அப்படி ஒரு வேலி கிடையாது. நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும்.

போக்கர், விளையாட்டுப் பந்தயம், பிளாக்ஜாக்கில் கார்டு எண்ணுவது என்று ஏதோ ஒன்றில் குறைந்தது இரண்டு ஆண்டு தொடர்ந்து சம்பாதித்து, அதற்குக் கணக்கும் வைத்திருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பந்தயத்தை நிறுத்த முடியவில்லை, கடன் வாங்கி ஆடுகிறேன், வீட்டில் மறைக்கிறேன் என்ற நிலையில் இருந்தால் தயவுசெய்து டிரேடிங் கணக்கு தொடங்காதீர்கள். முதலில் சூதாட்டப் பழக்கத்திலிருந்து வெளியே வர உதவும் ஆலோசகர் ஒருவரிடம் பேசுங்கள். என்னோடு ஆடியவர்களில் இரண்டு பேர் பழக்கத்தைத் தூக்கிக்கொண்டே சந்தைக்குப் போனார்கள். மேசையில் பல ஆண்டுகளில் இழந்ததைவிட அதிகமாகச் சில மாதங்களில் இழந்தார்கள்.

1. உங்களுக்கு உண்மையில் திறமை இருந்ததா என்று கணக்குப் பாருங்கள்

புதிதாக எதையும் தொடங்கும் முன் பழைய கணக்கை எடுங்கள். எத்தனை கை ஆடினீர்கள், எத்தனை மணி நேரம், மொத்த வரவு, மிகப் பெரிய சரிவு எவ்வளவு, அதிலிருந்து மீள எவ்வளவு காலம் ஆனது. இந்த ஐந்து எண்ணும் கையில் இல்லை என்றால், ஜெயித்தது திறமையா அதிர்ஷ்டமா என்று உங்களுக்கே தெரியாது.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். சாதாரண நாணயத்தை 100 முறை சுண்டினால் 55 அல்லது அதற்கு மேல் தலை விழும் வாய்ப்பு ஏறக்குறைய 18 சதவீதம். அதாவது எந்தத் திறமையும் இல்லாத ஐந்தாறு பேரில் ஒருவர் ‘55 சதவீதம் ஜெயிக்கிறேன்’ என்று காட்ட முடியும். 400 முறை சுண்டினால் அந்த வாய்ப்பு மிகவும் குறைந்து மூன்று சதவீதத்துக்குள் வந்துவிடும். போக்கர் ஆடியவர்களுக்கு இது பழகிய விஷயம். பல்லாயிரம் கை ஆடும் வரை யாரும் தன் வெற்றி விகிதத்தை நம்ப மாட்டார்கள். ஆனால் அதே ஆட்கள் டிரேடிங்கில் 30 டிரேடு முடிந்ததும் அளவை இரட்டிப்பாக்குவார்கள். நானும் அதைத்தான் செய்தேன்.

2. ஆவணங்களை இரண்டு மாதம் முன்பே சேருங்கள்

என்னை அதிகம் அலைய வைத்தது இந்தப் படிதான். புரோக்கரிடம் கணக்கு தொடங்க அடையாளச் சான்று, முகவரிச் சான்று, வரி எண், வங்கி அறிக்கை எல்லோருக்கும் வேண்டும். இவை ஒரு நாள் வேலை. சூதாட்டத்தில் சம்பாதித்தவர் மாட்டிக்கொள்வது ‘இந்தப் பணம் எங்கிருந்து வந்தது?’ என்ற கேள்வியில்.

சம்பளக்காரர் மூன்று மாதச் சம்பளச் சீட்டைக் கொடுத்து முடித்துவிடுவார். உங்களிடம் அது இல்லை. பணமாக வாங்கிய வரவு, நண்பர்களிடம் கொடுத்து வாங்கியது, ஆன்லைன் வாலட்டில் இருந்து வந்தது என்று வங்கி அறிக்கையில் துண்டு துண்டாக இருக்கும். என் விண்ணப்பத்தை ஒரு புரோக்கர் ஏழு வாரம் நிறுத்தி வைத்து, நான்கு முறை கூடுதல் காகிதம் கேட்டு, கடைசியில் காரணம் சொல்லாமல் மறுத்துவிட்டார். இரண்டாவது இடத்தில் எல்லாவற்றையும் முதலிலேயே அடுக்கிக் கொடுத்தேன். ஒன்பது வேலை நாளில் முடிந்தது.

நான் அடுக்கிக் கொடுத்தவை இவை. கடைசி இரண்டு ஆண்டின் வருமான வரிக் கணக்குத் தாக்கல் நகல், அதில் சூதாட்ட வருமானம் தனியாகக் காட்டப்பட்டிருக்க வேண்டும். ஆடிய தளங்களிலிருந்து ஆண்டு வாரியாக இறக்கிய பணப் போக்குவரத்து அறிக்கை. போட்டிகளில் வாங்கிய பரிசுத் தொகைக்கான ரசீதுகள். கடைசி 12 மாத வங்கி அறிக்கை. இவற்றோடு ஒரு பக்கக் கடிதம்: எந்தத் தேதியில் எந்தத் தொகை எதிலிருந்து வந்தது, அதற்கு எந்த ஆவணம் சாட்சி என்று வரிசையாக. இந்தக் கடிதத்தை யாரும் கேட்கவில்லை. ஆனால் சரிபார்ப்பவரின் வேலையைப் பாதியாகக் குறைத்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

இங்கே சறுக்கும் இடங்கள் மூன்று. தளத்தில் கணக்கை மூடிவிட்டால் பழைய அறிக்கை கிடைப்பது கஷ்டம், அதனால் முதலில் இறக்கிக்கொள்ளுங்கள், அப்புறம் மூடுங்கள். கையில் இருக்கும் ரொக்கத்தைச் சிறு சிறு தொகையாகப் பிரித்து வங்கியில் போடாதீர்கள். பணத்தை மறைக்கிறீர்கள் என்ற சந்தேகம்தான் வரும், பல நாடுகளில் அப்படிப் பிரிப்பதே குற்றம். மூன்றாவது, ‘உங்களுக்கு என்ன அனுபவம்?’ என்ற படிவம். ஆப்ஷன் (குறித்த விலையில் பின்னால் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்), ஃபியூச்சர் (குறித்த விலையில் பின்னொரு தேதியில் வாங்கியோ விற்றோ ஆக வேண்டிய ஒப்பந்தம்) ஆடிய அனுபவம் உண்டு என்று பொய்யாக டிக் அடிக்காதீர்கள். நாளை ஏதாவது தகராறு வந்தால் அந்த டிக்கைத்தான் உங்கள் முன் வைப்பார்கள்.

வரியையும் இந்தக் கட்டத்திலேயே கேட்டுவிடுங்கள். பல நாடுகளில் சூதாட்ட வரவும் டிரேடிங் லாபமும் வேறு வேறு தலைப்பில் வரும். ஒன்றின் இழப்பை மற்றதன் லாபத்தில் கழிக்க முடியுமா, இழப்பை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக முடியுமா என்று முதல் டிரேடுக்கு முன்பே ஒரு கணக்காளரிடம் ஒரு மணி நேரம் பணம் கொடுத்துக் கேட்பது வீண் செலவு கிடையாது.

3. மார்ஜின் ஒப்பந்தத்தை வரி விடாமல் படியுங்கள்

மார்ஜின் என்றால் கடனில் டிரேடு செய்ய புரோக்கரிடம் ஈடாக வைக்கும் பணம். அதற்கான ஒப்பந்தம் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும் ஆவணம். இரண்டு கேள்விக்கு மட்டுமாவது அதில் விடை தேடுங்கள். ஒன்று, மார்ஜின் குறைந்தால் உங்களிடம் சொல்லாமலே உங்கள் பொசிஷனை (வாங்கி வைத்திருப்பதை) விற்க அவர்களுக்கு உரிமை உண்டா? பெரும்பாலும் உண்டு. இரண்டு, கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போனால் அந்தக் கடன் உங்கள் தலையில் விழுமா, அல்லது இழப்பு பூஜ்யத்தோடு நிற்கும் பாதுகாப்பு இருக்கிறதா?

இரண்டாவது கேள்வி எதற்கு என்றால், 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் தேசிய வங்கி ஒரு யூரோவுக்கு 1.20 ஃபிராங்க் என்ற தரை விலையைக் கைவிட்டது. விலை சில நிமிடங்களில் சரிந்தது. 1.20க்குச் சற்றுக் கீழே ஸ்டாப் லாஸ் (விலை அங்கே விழுந்தால் விற்றுவிடச் சொல்லும் ஆர்டர்) வைத்திருந்தவர்களுக்கு அந்த விலையில் வாங்க ஆளே இல்லை. எத்தனையோ பேர் கணக்கில் இருந்ததைவிட அதிகமாக இழந்து புரோக்கருக்குக் கடன்பட்டார்கள். 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெய் மே மாத ஃபியூச்சர் மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. ‘விலை பூஜ்யத்துக்குக் கீழே போகாது’ என்று நம்பி வாங்கியவர்கள் அன்று கற்றுக்கொண்டது மிக விலை உயர்ந்த பாடம்.

போக்கரில் எவ்வளவு மோசமான நாளிலும் இப்படி நடக்காது. மேசையில் இருப்பது போனால் ஆட்டம் முடிந்தது, யாரும் வீட்டுக்கு வந்து மீதியைக் கேட்க மாட்டார்கள். அதனால் மேசையில் பழகிய கண்ணுக்கு இந்த ஆபத்து தெரிவதில்லை.

4. கூட வரும் திறமைகள் எவை

வருபவை பெரும்பாலும் பழக்கங்கள். எதிர்பார்ப்பு மதிப்பில் யோசிப்பது முதலாவது. பத்தில் நான்கு முறை ஜெயித்து, ஒரு டிரேடில் பணயம் வைக்கும் தொகையைப் போல இரண்டு பங்கு எடுத்து, ஆறு முறை தோற்று ஒரு பங்கு கொடுக்கும் முறை நல்ல முறையா என்று கேட்டால் வெளியாட்கள் தயங்குவார்கள். உங்களுக்குக் கேட்டவுடனே தெரியும்: ஒரு டிரேடுக்கு 0.2 பங்கு லாபம். அதே முறையில் 200 டிரேடுக்குள் எங்காவது தொடர்ந்து பத்துத் தோல்வி வரும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்கும் மேல் என்றாலும் நீங்கள் பதற மாட்டீர்கள். இதை ஏற்கெனவே உடம்பால் அனுபவித்திருப்பது பெரிய சொத்து.

அடுத்தது பந்தய அளவு. 1956இல் பெல் ஆய்வகத்தில் இருந்த ஜான் கெல்லி எழுதிய சூத்திரம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சமப் பந்தயத்தில் 55 சதவீதம் ஜெயிப்பவர் கையிருப்பில் 10 சதவீதம் வைக்கலாம் என்கிறது அது. இப்போது கவனியுங்கள். நீங்கள் 55 என்று நினைத்தது உண்மையில் 52.5 என்று வைத்துக்கொள்வோம். திறமை இன்னும் இருக்கிறது. ஆனால் 10 சதவீதம் வைத்து ஆடினால் நீண்ட காலத்தில் உங்கள் பணம் வளரவே வளராது, ஏறி இறங்கி அங்கேயே நிற்கும். பிளாக்ஜாக்கில் உங்கள் சாதகம் எவ்வளவு என்று கார்டுகளிலிருந்து கணக்கிட முடியும். சந்தையில் அது எப்போதும் ஒரு மதிப்பீடுதான், அதுவும் நம் ஆசை கலந்த மதிப்பீடு. அதனால் கெல்லி சொல்வதில் பாதிக்கு மேல் போகவே போகாதீர்கள். பாதி வைத்தால் வளர்ச்சியில் முக்கால் பங்கு கிடைக்கும், ஏற்ற இறக்கம் பாதியாகக் குறையும். நான் கால் பங்கோடு நிற்கிறேன்.

பிளாக்ஜாக்கில் கார்டு எண்ணும் முறையைக் கணிதமாக நிறுவிய எட்வர்ட் தார்ப் 1969இல் ஹெட்ஜ் ஃபண்ட் தொடங்கியபோது கையோடு எடுத்துப் போனவற்றில் இந்த அளவுக் கணக்கும் ஒன்று. உள்ளுணர்வை நம்பி அவர் போகவில்லை.

விளையாட்டுப் பந்தயத்திலிருந்து வருபவர்களுக்கு மற்றவர்களிடம் இல்லாத ஒரு கருவி உண்டு. ஆட்டம் தொடங்கும்போது நின்ற கடைசி விலையைவிட நல்ல விலையில் நாம் பந்தயம் கட்டியிருக்கிறோமா என்று பார்ப்போம் இல்லையா, அதை அப்படியே கொண்டு வாருங்கள். ஒவ்வொரு டிரேடிலும் முடிவு எடுத்த நொடியில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவிலை என்ன, உங்களுக்குக் கிடைத்த விலை என்ன, ஒரு மணி நேரம் கழித்து என்ன விலை என்று மூன்று எண் எழுதுங்கள். லாப நட்டத்தைவிட வேகமாக இது உண்மையைச் சொல்லும்.

பொறுமையும் வரும், ஆனால் முழுசாக வராது. நல்ல போக்கர் ஆட்டக்காரர் நான்கில் மூன்று கைக்கு மேல் ஆடாமல் மடித்துவிடுவார். அடுத்த கை ஒரு நிமிடத்தில் வந்துவிடும் என்பதால் அந்தப் பொறுமை சுலபம். டிரேடிங்கில் ஒரு நாள் முழுக்கத் திரையைப் பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாமல் எழ வேண்டியிருக்கும். எனக்கு முதல் மாதங்களில் நடந்த கெட்ட டிரேடுகளில் பாதி, மதியத்துக்கு மேல் சும்மா இருக்க முடியாமல் போட்டவை.

5. கூட வராதவை, திரும்பித் தாக்குபவை

சிப்போடு நிற்கும் இழப்பைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அதே வேரிலிருந்து முளைக்கும் இன்னும் இரண்டு ஆபத்துகள் உண்டு.

முதலாவது ஆப்ஷன் விற்பது, அதாவது சிறு தொகை வாங்கிக்கொண்டு அந்த உரிமையை மற்றவருக்குக் கொடுப்பது. போக்கர் ஆட்டக்காரர்களை இது காந்தம் போல இழுக்கும், ஏனென்றால் லாபக் கோடு வழுவழுவென்று ஏறும். 95 சதவீதம் ஜெயித்து ஒரு பங்கு எடுத்து, 5 சதவீதம் தோற்று 25 பங்கு கொடுக்கும் முறையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு டிரேடிலும் சராசரியாக 0.3 பங்கு நட்டம். ஆனால் அதை ஆடும் மூன்று பேரில் ஒருவர் முதல் 20 டிரேடையும் ஜெயிப்பார். அவர் அளவைக் கூட்டுவார். இருபத்தைந்து பங்கு நட்டம் அப்போதுதான் வரும். இங்கே வெற்றி விகிதம் உங்களுக்கு எதையுமே சொல்லாது. பெரிய இழப்பை இன்னும் பார்க்காத கணக்கு நல்ல கணக்கு போலவே தெரியும்.

இரண்டாவது, கைகள் ஒன்றோடொன்று சம்பந்தப்பட்டவை என்பது. நான்கு மேசையில் ஒரே நேரத்தில் ஆடினால் ஒரு மேசையில் வந்த கெட்ட கார்டு அடுத்த மேசையைத் தொடாது. ஐந்து வங்கிப் பங்குகளை வாங்கினால் அவை ஒரே கை. ஒவ்வொன்றிலும் 1 சதவீத ஆபத்து என்று எடுத்திருந்தால், தனித்தனியாக அசையும்போது மொத்த ஏற்ற இறக்கம் 2.2 சதவீத அளவில் இருக்கும். எல்லாம் சேர்ந்து விழும் நாளில் 5 சதவீதம். சந்தை கலங்கும் நாளில்தான் எல்லாம் சேர்ந்து விழும்.

6. பொசிஷன் அளவுக்கு இரண்டு வேலி போடுங்கள்

நான் இழந்த மூன்றில் ஒரு பங்கில் பெரும்பகுதி போன வழி இது, அதனால் எண்களோடு சொல்கிறேன்.

கணக்கில் 10,000 இருக்கிறது. ஒரு டிரேடில் 1 சதவீதம், அதாவது 100 மட்டும் இழக்கலாம் என்று விதி. 50க்கு ஒரு பங்கை வாங்கி 48இல் ஸ்டாப் வைத்தால் 50 பங்கு வாங்கலாம், பொசிஷன் 2,500. இதுவரை சரி. இப்போது ‘ஸ்டாப்பை நெருக்கமாக வைப்பதுதான் கட்டுப்பாடு’ என்று நினைத்து 49.50இல் வைக்கிறோம். விதிப்படி 200 பங்கு வாங்கலாம், பொசிஷன் 10,000. தாளில் இரண்டிலும் ஆபத்து 100தான். இரவு கெட்ட செய்தி வந்து காலையில் பங்கு 40இல் திறக்கிறது. முதல் கணக்கில் நட்டம் 500. இரண்டாவதில் 2,000. ஸ்டாப் நெருங்க நெருங்க பொசிஷன் பெருக்கிறது, ஸ்டாப்பைத் தாண்டிக் குதிக்கும் நாளில் அடி அந்த அளவுக்குப் பெருக்கிறது.

அதனால் ஸ்டாப் விதிக்கு மேல் இரண்டாவது வேலி ஒன்று வேண்டும். ‘இந்தப் பங்கு ஒரே இரவில் 20 சதவீதம் விழுந்தால் என் கணக்கில் 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது’ என்று நான் வைத்திருக்கிறேன். அப்படியென்றால் எந்த ஒரு பங்கிலும் பொசிஷன் கணக்கில் கால் பங்கைத் தாண்டாது. இரண்டு வேலியில் எது சிறிய எண்ணைத் தருகிறதோ அதுதான் அளவு.

ஸ்டாப் ஆர்டரின் வகையையும் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டாப் மார்க்கெட் போட்டால், வாங்க ஆள் இருக்கும் வரை விற்றுவிடும், விலைக்கு உத்தரவாதம் இல்லை. ஸ்டாப் லிமிட் போட்டால் விலைக்கு உத்தரவாதம் உண்டு, விற்கும் என்பதற்கு இல்லை. தப்பிப்பதற்காக வைக்கும் ஸ்டாப்புக்கு முதல் வகைதான்.

நாள் இழப்பு எல்லையை மனதில் வைக்காதீர்கள், முடிந்தால் புரோக்கரின் அமைப்பிலேயே பூட்டிவிடுங்கள். தோல்வியில் நிதானம் இழக்கும் டில்ட் வந்தவருக்குத் தான் டில்ட்டில் இருப்பது தெரியாது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

7. செலவை ரேக் போலக் கணக்கிடுங்கள்

ஸ்பிரெட் (வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி), கமிஷன், ஸ்லிப்பேஜ் (கேட்ட விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள வித்தியாசம்), பொசிஷனை இரவு தாண்டி வைத்திருந்தால் வட்டி, பங்கைக் கடன் வாங்கி விற்றால் அதற்குக் கட்டணம், தரவுக் கட்டணம், வரி. போக்கர் அறை ஆட்டத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் கட்டணம் ரேக் என்றால், இவை எல்லாம் சேர்ந்ததுதான் இங்கே ரேக். வாங்கி விற்கும் ஒரு சுற்றுக்கு 0.1 சதவீதம் என்பது கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். முழுப் பணத்தையும் ஒரு நாளைக்கு இரண்டு முறை சுற்றினால், 250 வேலை நாளில் 500 சுற்று, ஆண்டுக்கு 50 சதவீதம் செலவுக்கே போகிறது. கடன் சேர்த்து ஐந்து மடங்கு லெவரேஜ் எடுத்தால் உங்கள் பணத்தில் 250 சதவீதம். எந்தப் போக்கர் அறையும் இப்படி ஒரு ரேக் வைத்தால் அங்கே உட்கார மாட்டீர்கள்.

பங்கை வாங்காமலே அதன் விலை ஏற்ற இறக்கத்துக்கு மட்டும் பணம் கட்டும் வித்தியாச ஒப்பந்தங்கள், அதாவது சிஎஃப்டி பக்கம் முதல் ஆண்டு போகவே வேண்டாம். சில்லறைக் கணக்குகளில் 74 முதல் 89 சதவீதம் நட்டத்தில் முடிகின்றன என்று ஐரோப்பியச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் வெளியிட்டது.

இன்னொரு வலை: ‘தேர்வில் ஜெயித்தால் எங்கள் பணத்தில் டிரேடு செய்யலாம்’ என்று நுழைவுக் கட்டணம் வாங்கும் தளங்கள். போக்கரில் ஸ்டேக்கிங் (லாபத்தில் பங்குக்காக ஒருவர் உங்கள் ஆட்டத்துக்குப் பணம் தருவது) வாங்கிப் பழகியவர்களுக்கு இது அதேபோலத் தெரியும். ஸ்டேக் தருபவர் நீங்கள் ஜெயித்தால்தான் சம்பாதிப்பார். இங்கே பல தளங்கள் நீங்கள் தோற்றுத் திரும்பக் கட்டணம் கட்டுவதில் சம்பாதிக்கின்றன. கட்டணம் கட்டும் முன் இழப்பு எல்லையையும் பணம் எடுக்கும் விதியையும் படித்துப் பாருங்கள்.

8. பணத்தையும் காலத்தையும் பிரியுங்கள்

12 மாத வீட்டுச் செலவு தனி வங்கிக் கணக்கில், டிரேடிங் கணக்கோடு இணைக்காமல். மீதியில் பாதி மட்டும் டிரேடிங்குக்கு. கேசினோவில் சிப்பைக் கொடுத்தால் கையில் பணம். இங்கே பங்கை விற்றால் பணம் சேர சந்தையைப் பொறுத்து ஓரிரு வேலை நாள், அதை வங்கிக்கு எடுக்க இன்னும் சில நாள். வாடகையை இதிலிருந்து கட்டலாம் என்று நினைத்தால் விற்கக் கூடாத நாளில் விற்க வேண்டி வரும்.

காலக் கணக்கு எனக்கு இப்படி அமைந்தது. ஆவணம் சேர்க்க நான்கு வாரம், கணக்குத் திறக்க இரண்டு வாரம், பணம் போடாமல் பயிற்சி நான்கு வாரம். பயிற்சிக் கணக்கில் ஆர்டர் போடும் பொத்தான்களைப் பழகலாம், அவ்வளவுதான். அதன் லாபத்தை நம்பாதீர்கள், ஏனென்றால் அங்கே கேட்ட விலை எப்போதும் கிடைக்கும். அதன் பிறகு ஆகச் சிறிய அளவில், லெவரேஜ் இல்லாமல், 200 டிரேடு. அதற்கு ஏழு மாதம் ஆனது. இடையில் பழைய ஆட்டத்தை முழுசாக விட வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் ஆடிக்கொண்டிருந்தால் டிரேடிங்கில் அவசரப்பட வேண்டிய கட்டாயம் இருக்காது. முதல் முறை நான் ஒரே நாளில் விட்டேன், அதுதான் ஐந்து மாதத்தில் தெரிந்தது.

9. சொந்தப் பணம் வேண்டாம், வேலைக்குப் போகலாம் என்பவர்களுக்கு

இது பலருக்கு நல்ல வழி என்பது என் கருத்து. சந்தையில் வாங்கும் விலை, விற்கும் விலை என்று இரு பக்க விலை கொடுக்கும் நிறுவனங்கள் போக்கர் போன்ற ஆட்டங்களிலிருந்து வருபவர்களை மதிக்கின்றன. அப்படிப்பட்ட அமெரிக்க நிறுவனமான சஸ்குவெஹன்னா புதிய டிரேடர்களுக்குப் பயிற்சியில் போக்கரையே சேர்த்திருக்கிறது. உண்மையான நிறுவனம் உங்களுக்குச் சம்பளம் தரும், முன்பணம் கேட்காது.

நேர்காணலில் மனக்கணக்கு வரும். சில இடங்களில் 8 நிமிடத்தில் 80 கணக்கு, தினமும் பயிற்சி செய்தால் ஆறு வாரத்தில் வேகம் வரும். அப்புறம் விலை சொல்லும் விளையாட்டு. ‘மூன்று பகடையின் கூட்டுத்தொகைக்கு விலை சொல்லுங்கள்’ என்பார்கள். சராசரி 10.5, அதனால் 10க்கு வாங்குவேன், 11க்கு விற்பேன் என்று சொல்லலாம். அவர் 11க்கு வாங்கிக்கொள்வார். முதல் பகடை 5 விழும். இப்போது சராசரி 12. அடுத்த விலையைச் சொல்லும்போது, ஏற்கெனவே விற்றதில் நட்டம் வந்துவிட்டதே என்று பழைய விலையையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்களா என்றுதான் பார்ப்பார்கள். மேசையில் பழகியவர் இதில் தடுமாற மாட்டார்.

இடர் மேலாண்மைப் பக்கம் போவதென்றால் எஃப்ஆர்எம் (நிதி இடர் மேலாளர்) சான்றிதழ் உதவும். இரண்டு பகுதி: முதலாவதில் 100 கேள்வி, இரண்டாவதில் 80, ஒவ்வொன்றுக்கும் 4 மணி நேரம். முதல் பகுதியில் தேறிய நான்கு ஆண்டுக்குள் இரண்டாவதை முடிக்க வேண்டும். சேர்க்கைக் கட்டணம் ஒருமுறை, தேர்வுக் கட்டணம் ஒவ்வொரு பகுதிக்கும் தனி, முன்கூட்டிப் பதிந்தால் குறையும். தேறிய பிறகும் இரண்டு ஆண்டு வேலை அனுபவம் காட்டினால்தான் சான்றிதழ். ஒரு பகுதிக்கு 250 மணி நேரம் என்று திட்டமிட்டுப் படித்தேன். அதில் வரும் விஏஆர் (வேல்யூ அட் ரிஸ்க்) என்ற இழப்பு அளவு உங்களுக்கு உடனே பிடிபடும்: 99 சதவீத ஒரு நாள் விஏஆர் என்றால், நூறு நாளில் ஒரு நாள் இழப்பு அந்த எண்ணைத் தாண்டும். எவ்வளவு தாண்டும் என்று அது சொல்லாது. வங்கிகளுக்கான பாசல் விதிகள் சந்தை இடருக்கு, தாண்டிய நாட்களின் சராசரி இழப்பைப் பார்க்கும் அளவுக்கு மாறியதற்கு இந்தக் குறைதான் முக்கியக் காரணம்.

பயோடேட்டாவில் ஆடிய ஆண்டுகளை மறைக்காதீர்கள். இடைவெளி என்று விட்டால் பின்னணிச் சரிபார்ப்பில் கேள்வி வரும். ‘தொழில்முறை போக்கர், இத்தனை ஆண்டு, இத்தனை கை, பெரிய சரிவு இவ்வளவு, மீள இத்தனை மாதம்’ என்று எண்ணாக எழுதுங்கள். முன்பு சொன்ன வரி நகல்தான் இங்கே பணிச் சான்று. நேர்காணலில் என்னிடம் பெரிய இழப்பைப் பற்றிக் கேட்டார்கள். ஐந்து மாதக் கணக்கை, ஒவ்வொரு டிரேடின் தேதியோடும் அளவோடும் அச்செடுத்து வைத்திருந்தேன், நீட்டினேன். மீதி நேரம் முழுக்க அதைப் பற்றித்தான் பேசினார்கள். இரண்டு பிரதி எடுத்துப் போங்கள், ஒன்றை அவர்கள் வைத்துக்கொள்வார்கள்.